பழைய மோட்டார்ஹோம் ஏன் இப்படி ஆடுது? சஸ்பென்ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாலஸ் பக்கம் எங்கள் நண்பர் வட்டத்தில் மூன்று பேர் கோவிட் காலத்தில் பழைய மோட்டார்ஹோம், அதாவது வண்டி மேலேயே கட்டிய வீடு, வாங்கினோம். என்னுடையது 2003 மாடல், ஃபோர்டு இ-450 சேசிஸ் மேல் கட்டிய 28 அடி கிளாஸ் சி. முன்பக்கம் வேன் மாதிரி இருக்கும், டிரைவர் தலைக்கு மேல் ஒரு படுக்கை. முதல் பயணமாக அமரில்லோ வரை ஓட்டிப் போய் இறங்கியபோது, ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்து இரண்டு தோளும் மரத்துப் போயிருந்தன. அப்புறம் மூன்று வருடம் வண்டிக்கு அடியில் படுத்தும், பட்டறைகளில் காத்துக் கிடந்தும் கொஞ்சம் புரிந்தது.

யாராவது பழைய வண்டி வாங்கினால் உடனே எனக்குப் போன் வருகிறது. சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதிவிட்டேன். என் வண்டியை வைத்தே பேசுகிறேன். உங்களுடையது வேறு வகை என்றாலும் முக்கால்வாசி பொருந்தும்.

"பக்கத்துல ட்ரக் போனாலே வண்டியைத் தள்ளுது. பெரிய வண்டின்னா இப்படித்தானா?"

கொஞ்சம் தள்ளத்தான் செய்யும். பத்தடிக்கு மேல் உயரம், 28 அடி நீளம் என்றால் ஒரு சுவரையே ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். முந்த வரும் ட்ரக் தனக்கு முன்னால் காற்றை ஒதுக்கிக்கொண்டு வரும். அந்தக் காற்று முதலில் உங்கள் வண்டியின் பின்பக்கத்தை வலது பக்கம் தள்ளும், அதனால் மூக்கு இடது பக்கம், ட்ரக்கை நோக்கித் திரும்பும். அடுத்து மூக்கைத் தள்ளும். ட்ரக் கடந்த பிறகு அதன் பின்னால் உண்டாகும் வெற்றிடம் கொஞ்சம் உள்ளே இழுக்கும்.

நல்ல நிலையில் உள்ள வண்டியிலும் இதெல்லாம் தெரியும், ஆனால் லேசாக ஒரு திருத்தம் கொடுத்தால் அடங்கிவிடும். ஒவ்வொரு ட்ரக்குக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கோளாறு இருக்கிறது.

"அலையறது, சாயறது, வால் ஆட்டறது எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. நேரான, காற்றில்லாத சாலையிலும் ஸ்டியரிங்கை ஓயாமல் இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருந்தால் அது அலைவது. காரணம் பெரும்பாலும் டயர், அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்), ஸ்டியரிங் மூட்டுகள். வளைவிலும், பெட்ரோல் பங்க் வாசல் மேட்டில் கோணலாக ஏறும்போதும் வீடே சாய்ந்து சாய்ந்து ஆடினால் அது உருளல். அதற்குப் பார்க்க வேண்டியது ஆன்டி-ரோல் பாரும் (இடது வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் இரும்புக் கம்பி) ஷாக் அப்சார்பரும். ட்ரக் கடக்கும்போது பின்பக்கம் மட்டும் தனியாக நகர்வது போல இருந்தால் அது வாலாட்டம். பாலம் ஏறி இறங்கியதும் முன்னும் பின்னும் தலையாட்டிக்கொண்டே போனால் ஷாக் போய்விட்டது.

அடுத்த பயணத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவரை இதைக் கவனித்து எழுதச் சொல்லுங்கள். ஓட்டுகிறவருக்கு எல்லாமே "ஆடுது" என்றுதான் தோன்றும்.

"முதல்ல எந்த பார்ட் வாங்கணும்?"

எதுவும் வாங்காதீர்கள். முதலில் எடை போடுங்கள். பெரிய ட்ரக் ஸ்டாப்களில் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். பயணத்துக்குக் கிளம்புகிற நிலையில், அதாவது தண்ணீர், எரிவாயு, பெட்ரோல், சாமான், ஆட்கள் எல்லாம் உள்ளே இருக்கும்போது ஏற்றுங்கள். முன் சக்கரம் ஒரு தட்டிலும் பின் சக்கரம் அடுத்த தட்டிலும் நிற்க வேண்டும். பதினைந்து டாலர் சுமாருக்கு இரண்டு அச்சின் எடையும் தனித்தனியாக அச்சடித்துக் கிடைக்கும்.

என் முதல் சீட்டு: முன் அச்சு 3,580 பவுண்டு, பின் அச்சு 9,720, மொத்தம் 13,300. டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் மொத்த வரம்பு 14,050. "பரவாயில்லை, உள்ளேதான் இருக்கிறோம்" என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

"அதான் மொத்தம் லிமிட்டுக்குள்ள இருக்கே, அப்புறம் என்ன?"

அதே ஸ்டிக்கரில் அடுத்த வரியைப் படியுங்கள். முன் அச்சுக்கு 4,600, பின் அச்சுக்கு 9,450. என் பின் அச்சு 270 பவுண்டு கூடுதல். முன் அச்சோ ஆயிரம் பவுண்டு காலி. ஸ்டியரிங் செய்ய வேண்டிய சக்கரத்தின் மேல் போதுமான பாரம் இல்லாவிட்டால் வண்டி அலையாமல் என்ன செய்யும்?

கிணற்றில் ஏற்றம் இறைப்பது போலத்தான் கணக்கு. பின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் எந்தச் சுமையும் முன்பக்கத்தைத் தூக்கும். என் வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 176 அங்குலம். நல்ல தண்ணீர்த் தொட்டி 40 காலன், நிரம்பினால் 334 பவுண்டு. அது பின் அச்சிலிருந்து ஆறடி, அதாவது 72 அங்குலம் பின்னால் இருக்கிறது. 334-ஐ 72-ஆல் பெருக்கி 176-ஆல் வகுத்தால் 137. அந்த 137 பவுண்டை முன் அச்சிலிருந்து பிடுங்கிப் பின் அச்சில் போடுகிறது. ஆக, பின் அச்சுக்கு 471 பவுண்டு. தொட்டியைக் காலி செய்துவிட்டு மறுபடி ஏற்றியபோது முன் அச்சு 3,717, பின் அச்சு 9,249 என்று கிட்டத்தட்டக் கணக்குப்படியே வந்தது. ஒரு காசு செலவில்லாமல் பாதி அலைச்சல் குறைந்தது. இப்போது கேம்ப் கிரவுண்டுக்குப் போய்த்தான் தண்ணீர் பிடிக்கிறேன்.

பின் பம்பரில் சைக்கிள் ஸ்டாண்ட் மாட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குதான். பின்பக்கப் பெட்டியில் என் மனைவி வைத்திருந்த வெட் கிரைண்டரும் அரிசி மூட்டையும் இப்போது முன் சீட்டுக்குப் பின்னால் வந்துவிட்டன. அந்தப் பேச்சுவார்த்தை அலைன்மென்ட்டை விடக் கடினம்.

"28 அடி, 30 அடி, என்ன பெரிய வித்தியாசம்? ஒரே இ-450 தானே?"

வீல்பேஸை மொத்த நீளத்தால் வகுத்துப் பாருங்கள். 176 அங்குல வீல்பேஸில் 24 அடி வண்டிக்கு 61 சதவீதம் வரும். 28 அடிக்கு 52. 30 அடிக்கு 49. 55-க்கு மேல் இருந்தால் நிம்மதி, 50-க்குக் கீழே போனால் வாலாட்டம் பிறவிக் குணம் என்பது மோட்டார்ஹோம்காரர்களின் கைக்கணக்கு. சில கம்பெனிகள் சேசிஸை வெட்டி நீட்டி வீல்பேஸைக் கூட்டியிருப்பார்கள், அதனால் டேப் வைத்து அளந்துவிடுங்கள். இன்னும் வாங்கவில்லை என்றால் இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. வாங்கிய பிறகு மாற்ற முடியாதது இது ஒன்றுதான்.

"டயர்ல 80 பிஎஸ்ஐ-ன்னு போட்டிருக்கு. ஆறுலயும் அதையே அடிச்சுட்டேன். சரிதானே?"

டயர் பக்கவாட்டில் இருப்பது, அந்த டயர் தன் முழுச் சுமையைத் தாங்கும்போது தேவைப்படும் காற்று. இந்த வண்டிகளில் வரும் எல்டி 225/75 ஆர்16, லோடு ரேஞ்ச் இ டயர் 80 பிஎஸ்ஐ-யில் தனியாக 2,680 பவுண்டும், இரட்டையாக மாட்டும்போது ஒவ்வொன்றும் 2,470 பவுண்டும் தாங்கும். பின்னால் நான்கு டயர் சேர்ந்து 9,880. என் பின் அச்சுப் பாரத்துக்கு அங்கே 80 நியாயம்தான்.

முன்னால் கதை வேறு. 3,700 பவுண்டை இரண்டு டயர் சுமந்தால் ஒன்றுக்கு 1,850. அதற்கு 80 அடித்தால் டயர் கல் மாதிரி ஆகிவிடும். சாலையைத் தொடும் பரப்பு குறையும், சின்னக் கோடு, பிளவு எல்லாம் ஸ்டியரிங்கைத் திருப்பும். எடைச் சீட்டை வைத்துக்கொண்டு டயர் கம்பெனி வெளியிடும் சுமை அட்டவணையைப் பாருங்கள். அதில் வருவதற்கு மேல் ஐந்து பிஎஸ்ஐ வைத்துக்கொள்ளலாம். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பிடித்துப் பாருங்கள். இரட்டை டயரில் உள்பக்கத்து டயரை ஒருவரும் பார்ப்பதில்லை. அது காற்றிழந்தாலும் வெளி டயர் தாங்கிக்கொண்டு காட்டிக்கொடுக்காது. வால்வுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுவிடுங்கள்.

"டயர் பட்டன் புதுசு மாதிரி இருக்கே. ஏன் மாத்தச் சொல்றீங்க?"

மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று நின்று சாகிறது. பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்ணில் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2214 என்றால் 2014-ஆம் வருடத்தின் 22-ஆவது வாரம். ஏழு வயது தாண்டினால் நான் மாற்றிவிடுவேன். பத்து வயதுக்கு மேல் எப்படி இருந்தாலும் ஓட்ட வேண்டாம். என் நண்பர் ஒருவருடைய வண்டியில் பட்டன் முழுசாக இருந்தது. விரலால் பக்கவாட்டை மடக்கிப் பார்த்தால் யானைத் தோல் மாதிரி வெடிப்பு.

"அலைன்மென்ட் பண்ணி, ஸ்பெக்குக்குள்ள இருக்குன்னு பேப்பரும் கொடுத்துட்டாங்க. ஆனாலும் அலையுதே?"

அந்தப் பேப்பரை எடுத்து காஸ்டர் என்ற வரியைப் பாருங்கள். சைக்கிளின் முன் ஃபோர்க் ஏன் சாய்வாக இருக்கிறது? கையை விட்டாலும் சக்கரம் தானே நேராகத் திரும்புவதற்குத்தான். வண்டியில் அந்தச் சாய்வுக்குப் பெயர் காஸ்டர். சாய்வு குறைவாக இருந்தால் வண்டிக்கு எது நேர் என்றே தெரியாது, நீங்கள்தான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபோர்டின் அனுமதி வரம்பு அகலமானது. வீடு கட்டாத வெறும் வேனுக்கும், பின்னால் ஒரு வீட்டையே சுமக்கும் வண்டிக்கும் ஒரே காஸ்டர் போதாது. என் பேப்பரில் இடது 2.1, வலது 2.4 டிகிரி. வரம்புக்குள்தான் இருந்தது. இந்த சேசிஸில் முன் சக்கரங்கள் ட்வின் ஐ-பீம் என்ற அமைப்பில் தொங்குகின்றன: ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு நீண்ட இரும்புத் தூண், அதன் மறுமுனை வண்டியின் எதிர்ப் பக்கத்தில் பூட்டியிருக்கும். காஸ்டரை மாற்ற, மேல் பால் ஜாயின்ட் உட்காரும் இடத்தில் உள்ள சின்ன ஸ்லீவைக் கழற்றி, அட்ஜஸ்ட் செய்யக்கூடிய வேறொன்றைப் போட வேண்டும். பல டயர் கடைகளில் "இதுல அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, டோ மட்டும்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள் (டோ என்பது முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு). நான் முதலில் போன இடத்திலும் அதே பதில், காசு மட்டும் முழுசாக வாங்கினார்கள்.

கனரக வண்டிகளுக்கு அலைன்மென்ட் செய்யும் பட்டறையைத் தேடுங்கள். பயணச் சுமையோடு கொண்டுபோங்கள், ஏனென்றால் ஐ-பீம் அமைப்பில் வண்டி ஏறி இறங்கினால் சக்கரக் கோணமும் மாறும். "எனக்கு ஐந்து டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும், வலது பக்கம் அரை டிகிரி போலக் கூடுதலாக" என்று வாயைத் திறந்து கேளுங்கள். வலதில் கூடுதல் எதற்கென்றால், அமெரிக்கச் சாலை மழைத்தண்ணீர் ஓட வலது பக்கம் சரிந்திருக்கும். வண்டி எப்போதும் காஸ்டர் குறைவான பக்கம் லேசாக இழுக்கும், அதனால் இரண்டும் சமமாகிவிடும். எனக்கு 4.6, 5.0 என்று வைத்தார்கள். பட்டறையிலிருந்து ஹைவேயில் ஏறிய இரண்டாவது மைலில் ஸ்டியரிங்கில் ஒரு கை மட்டும் இருந்ததைக் கவனித்தேன். இத்தனை வருடத்தில் நான் செலவழித்ததில் இதற்கு ஈடான காசு வேறில்லை.

"ஸ்டியரிங்ல ரெண்டு அங்குலம் பிளே இருக்கு. பாக்ஸ் மேல இருக்கற ஸ்க்ரூவை டைட் பண்ணிடலாமா?"

அவசரப்பட வேண்டாம். பிளே, அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் சும்மா ஆடும் இடைவெளி, எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். வண்டி சமதளத்தில், சக்கரம் தரையில், பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சின் ஓடட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கால் சுற்று அளவு இடமும் வலமும் ஆட்டட்டும். நீங்கள் கீழே டார்ச்சோடு ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள், கையும் வையுங்கள். என் மகள் மேலே ஆட்ட நான் கீழே பார்த்தபோது டிராக் லிங்க்கின் (ஸ்டியரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் கம்பி) ஒரு முனை, கம்பி நகர்வதற்கு முன்னால் மேலும் கீழும் ஒரு "டிக்" அடித்தது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலில் தெரிந்தது. அந்த மூட்டை மாற்றியதும் பிளே பாதியாகிவிட்டது.

அப்படியே ரேடியஸ் ஆர்மின் பின்முனையில் உள்ள ரப்பர் புஷ்ஷையும் பாருங்கள். ஐ-பீம் முன்னும் பின்னும் போகாமல் பிடித்திருப்பது அதுதான். ரப்பர் பிய்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் தாவும். எல்லா மூட்டும் நன்றாக இருந்து, பாக்ஸில் மட்டுமே பிளே என்றால்தான் அந்த ஸ்க்ரூ. அதுவும் கால் சுற்றுக்குள். அதிகம் இறுக்கினால் உள்ளே பல் பிடித்துக்கொண்டு, திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் நேராக வராது. காஸ்டரில் சம்பாதித்ததை இங்கே தொலைத்துவிடுவீர்கள்.

"ஷாக் அப்சார்பர் மாத்தினா பின்பக்கம் உயரும்னு சொன்னாங்களே?"

உயராது. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் குதிப்பதை அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. பம்பரை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனை ஆறு டன் வண்டியில் நடக்காது. எண்ணெய் கசிவு, 60,000 மைல் தாண்டிய பழைய ஷாக், முன்பு சொன்ன தலையாட்டம், இதில் இரண்டு இருந்தால் நான்கையும் மாற்றலாம். நான் பில்ஸ்டீன் கேஸ் ஷாக் போட்டேன். பாலம் இறங்கியதும் ஒரே அசைவில் அடங்குகிறது. சொகுசு கூடியதா என்றால், குண்டு குழியில் முன்பைவிடக் கொஞ்சம் கடினம்தான்.

"பின்பக்கம் உக்காந்துடுச்சு. ஏர் பேக் போட்டா இன்னும் சாமான் ஏத்தலாம்ல?"

ஏற்றக் கூடாது. இங்கே ஏர் பேக் என்பது விபத்தில் விரியும் பை இல்லை, பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை. அது வண்டியை நிமிர்த்தும். அச்சு, பேரிங், டயர், பிரேக் எதன் வரம்பும் ஒரு பவுண்டுகூட உயராது. ஸ்டிக்கர் அப்படியேதான் இருக்கும். பின்னால் இருப்பது இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். இருபது வருடமாக ஒரே சுமையைத் தாங்கிய பட்டை தளர்ந்துதான் போயிருக்கும். லீஃப் ஸ்பிரிங் பட்டறையில் ஒரு பட்டை கூடுதலாக வைத்தோ, வளைவை மீட்டெடுத்தோ தருவார்கள். என் ஓட்டு அதற்குத்தான், காற்றுக் கசியும் கவலை இல்லை.

ஏர் பேக்கே போடுவதென்றால் இடது வலதுக்குத் தனித்தனிக் குழாய் கேளுங்கள். ஒரே குழாயில் டி வைத்து இணைத்தால், வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, சாய்வதற்கு வண்டியே உதவி செய்யும்.

"பெரிய ஆன்டி-ரோல் பார் போட்டா ஆட்டம் நின்னுடுமா?"

சாய்வு குறையும். அலைச்சல் நிற்காது. பாரின் முறுக்கு விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் கூடும். அதே வடிவத்தில் 1 அங்குலக் கம்பிக்குப் பதில் 1.5 அங்குலம் போட்டால் ஐந்து மடங்கு. அதனால் சின்ன வித்தியாசமே பெரிய பலன் தரும். ஆனால் பழைய பாரின் ரப்பர் புஷ், லிங்க் இரண்டும் நைந்திருந்தால் முதலில் அவற்றை மாற்றிப் பாருங்கள். இருபது டாலர் ரப்பர் போனதற்கு ஐந்நூறு டாலர் பார் வாங்கியவரை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

பின்னால் மட்டும் மிக விறைப்பாகப் போட்டு முன்னால் பழையதை விட்டால், ஈரச் சாலை வளைவில் பின்பக்கம் வழுக்கப் பார்க்கும். விறைப்பான பார் ஒரு சக்கரத்தின் மேட்டை மறு சக்கரத்துக்கும் கடத்தும் என்பதால், பங்க் வாசலில் உள்ளே பாத்திரம் உருள்வது கொஞ்சம் கூடவும் செய்யலாம்.

"எல்லாம் பண்ணியும் வால் மட்டும் ஆடுது. என்ன மிச்சம்?"

ட்ராக் பார். பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் குறுக்காகப் போகும் ஒரு கம்பி. லீஃப் ஸ்பிரிங்கின் ஷேக்கிளும் (ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) புஷ்ஷும் பக்கவாட்டில் கொஞ்சம் நெளியும். காற்று தள்ளும்போது டயர் சாலையில் நிற்க, வீடு மட்டும் அச்சின் மேல் பக்கவாட்டில் நகரும். அந்த நகர்வைப் பின் சக்கரம் ஸ்டியரிங் பிடிப்பது போல முன்பக்கம் உணரும். ட்ராக் பார் இதைத்தான் தடுக்கிறது. நீளத்தோடு ஒப்பிட்டால் வீல்பேஸ் குறைவான வண்டிகளுக்கு நல்ல பலன். 24 அடி வண்டிக்கு வீண் செலவு என்பேன்.

"ஸ்டியரிங் டேம்பர் போட்டா ஒரே நாள்ல சரியாயிடும்னு வீடியோல பார்த்தேன்."

டேம்பர் என்பது ஸ்டியரிங் கம்பிக்கு மாட்டும் ஒரு ஷாக் மாதிரி. டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க நல்ல டேம்பர் உதவும். அந்தக் காரணத்துக்காக வாங்குங்கள். நைந்த மூட்டையும் குறைந்த காஸ்டரையும் மூடி மறைக்க வாங்கினால், மூட்டு முழுசாகக் கழலும் வரை உங்களுக்குத் தெரியாது. கடைசியாக வாங்க வேண்டியதை முதலில் வாங்காதீர்கள்.

"என்னோடது கிளாஸ் ஏ, பஸ் மாதிரி மூக்கு. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?"

எடை, டயர், மூட்டு எல்லாம் அப்படியே. ஃபோர்டு எஃப்-53 சேசிஸ் என்றால் முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். பல வண்டிகளில் ஆன்டி-ரோல் பாரின் முனையில் இரண்டு ஓட்டை இருக்கும். லிங்க்கை உள் ஓட்டைக்கு மாற்றினால் நெம்புகோல் குறுகி, அதே பார் விறைப்பாக வேலை செய்யும், செலவில்லாத வித்தை. பழைய செவர்லே பி-30 என்றால் முன் காயில் ஸ்பிரிங்குக்குள்ளேயே தொழிற்சாலை ஏர் பேக் இருக்கும். பலர் அதில் காற்றே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஸ்டியரிங்கில் பெல் கிராங்க் என்ற பாகத்தின் பேரிங் தேய்வதும் அதில் வழக்கம். முதலில் அந்த இரண்டையும் பாருங்கள்.

"இதெல்லாம் நானே பண்ணலாமா?"

எடை, காற்று, சோதனை, ஷாக், புஷ் வரை கை பழகியவர் செய்யலாம். பால் ஜாயின்ட், ஸ்பிரிங், அலைன்மென்ட் பட்டறைக்கு. ஒன்று மட்டும்: கேம்ப்பில் வண்டியைச் சமப்படுத்தும் லெவலிங் ஜாக்கை நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். ஏர் பேக்கை நம்பியும் போகாதீர்கள். எடைக்கேற்ற ஸ்டாண்ட், சேசிஸுக்கு அடியில், சிமென்ட் தரையில். தார் ரோடு வெயிலில் இளகி ஸ்டாண்டின் கால் இறங்கும், டெக்சாஸ் ஆகஸ்டில் பார்த்திருக்கிறேன்.

"மொத்தம் எவ்வளவு ஆகும்?"

எனக்கு ஆனது: எடை 15 டாலர், ஸ்லீவோடு அலைன்மென்ட் 380, டிராக் லிங்க் முனை 90, நான்கு ஷாக் 560, பின் ஆன்டி-ரோல் பார் 500, ட்ராக் பார் மாட்டுகூலியோடு 700. ஆறு டயர் தனி. இப்போது மறுபடி தொடங்கினால் பாரை வாங்கியிருக்க மாட்டேன், புஷ் மட்டும் போதும்.

"எல்லாம் சரி பண்ணியாச்சு அண்ணா. ஆனா கொஞ்ச தூரம் ஓடின பிறகு மட்டும் இடது பக்கம் இழுக்குது. கிளம்பும்போது இழுக்கலை."

காஸ்டரோ டயரோ என்றால் கிளம்பிய நிமிடத்திலிருந்தே இழுத்திருக்கும். சூடேறிய பிறகு இழுப்பது என்றால் பிரேக்கைப் பாருங்கள். நிறுத்தி வைத்தே இருக்கும் வண்டியில் காலிப்பர் ஸ்லைடு துருப்பிடித்து, பேட் முழுசாக விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி, எண்ணெயைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்வதும் உண்டு. இருபது மைல் ஓட்டி, கடைசி ஒரு மைல் பிரேக் அதிகம் தொடாமல் வந்து நிறுத்துங்கள். தொடாமல் வெப்பம் அளக்கும் கருவி இருபது டாலருக்குக் கிடைக்கும், அதை இரண்டு முன் வீல் ஹப்பிலும் காட்டுங்கள். இடது பக்கம் எக்கச்சக்கமாகச் சூடாக இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், எனக்கு இன்னும் தழும்பு இருக்கிறது.